இசையவைக்கு உரிய வினா

வினாவே அறிவின் வாயில். ஆயினும், எல்லா வினாக்களும் எல்லா இடங்களுக்கும் உரியன அல்ல. நோயைப் பற்றி மருத்துவரிடம் கேட்போமேயன்றித் துணி வணிகரிடம் கேட்போமல்லோம். இசையை ஆராயக் கூடும் அவைக்கும் இத்தகைய வரையறை உண்டு. எவ்வினாவை ஏற்பது, எதனை வேறிடத்திற்கு அனுப்புவது என்று தெளியாத அவை பொழுதை இழக்கும்; நாளடைவில் ஒற்றுமையையும் இழக்கும்.

இத்தெளிவுக்கு இலக்கணமே துணை செய்கிறது. நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் கொங்குநாட்டுச் சீனாபுரத்தில் வாழ்ந்தவர் என்பது அந்நாட்டு மரபுச் செய்தி. அவர் வினாவை அறிவு, அறியா, ஐயம், கொளல், கொடை, ஏவல் என ஆறாக வகுத்தார். கோவையில் இசையன்பர் அவையொன்று கூடுவதாகக் கொள்வோம். "சுரங்கள் எத்தனை?" என்று விடையறிந்த ஆசிரியர் மாணவனைக் கேட்பது அறிவினா, அதற்கு இடம் வகுப்பறை. "மிருதங்கம் விலைக்கு உண்டா?" என்பது கொளல்வினா, அதற்கு இடம் கடைத்தெரு. "உன்னிடம் வீணை இல்லையா?" என்று ஒன்றைக் கொடுக்கும் கருத்துடன் கேட்பது கொடைவினா, அதற்கு இடம் வள்ளலின் இல்லம். "இன்று சாதகம் செய்தாயா?" என்பது ஏவல்வினா, அதற்கு இடம் குருவின் திண்ணை. எஞ்சிய அறியாவினாவும் ஐயவினாவுமே அவைக்கு உரியன.

எனினும், வடிவம் ஒன்றே போதாது. கொடுமுடியிற் பிறந்த கே. பி. சுந்தராம்பாளின் (1908–1980) குரல் சிறந்ததா, மற்றொருவர் குரல் சிறந்ததா என்று ஒருவர் வினவினால், அது ஐயவினா போலவே தோன்றும். ஆனால், அவரவர் விருப்பமே அதற்கு விடையாகும். செவியாலோ, நூலாலோ, கருவியாலோ அதனை முடிவு செய்ய இயலாது. அதற்காக வினவியவரை இகழ்ந்து ஒதுக்குதலும் தகாது. "அவர் எச்சுருதியில் பாடினார்? மேல்தாயியிலும் சொல் சிதையாது ஒலித்தது எவ்வாறு?" என வினாவைத் திருத்தி அமைத்தால், இசைத்தட்டுகளைக் கேட்டே ஆராயலாம். பூசலுக்கு வித்தாக இருந்த வினா, இவ்வாறு பயிற்சிக்கு வித்தாகும்.

அவைக்கு உரிய வினாவுக்குச் சான்றும் கொடுமுடியிலேயே உண்டு. காவிரிக் கரையிலுள்ள அவ்வூர், கொங்கேழ் தலங்களுள் ஒன்று. அத்தலத்திற்குச் சுந்தரர் அருளிய நமச்சிவாயப் பதிகத்தின் பண் பழம்பஞ்சுரம். இன்று ஓதுவார்கள் அப்பண்ணைச் சங்கராபரண இராகத்திற் பாடுகின்றனர். பழைய பண் இதுவேதானா? காலப்போக்கில் மாறியதா? ஓதுவார் மரபையும், பண்டை உரைகளையும், யாழின் நரம்புமுறையையும் ஒப்பிட்டு இதனை ஆராயலாம். சென்னையில் 1943-இல் தோன்றிய தமிழிசைச் சங்கம், 1949-இல் பண் ஆராய்ச்சியைத் தொடங்கி இத்தகைய வினாக்களையே எடுத்துக்கொண்டது. ஓதுவார்கள் பாடிக் காட்ட, அறிஞர்கள் ஆராய்ந்தனர்.

அதற்கும் முன்னர், 1912-இல் தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தை நிறுவினார். ஒரு தாயியில் அமைவன இருபத்திரண்டு சுருதிகளா, இருபத்து நான்கா என்பது அவர் எடுத்துக்கொண்ட தலையாய வினா. அவர் கணக்கிட்டுக் காட்டினார். 1916-இல் பரோடா மாநாட்டில் தம் பெண்மக்களைப் பாடச் செய்தும் விளக்கினார். 1917-இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டார். அவர் முடிவை எல்லாரும் ஏற்றாரல்லர். ஆயினும், மறுப்போரும் கணக்கும் கருவியும் கொண்டே மறுக்க வேண்டியதாயிற்று. நல்வினாவின் பயன் இதுவே.

சில வினாக்களுக்கு உடனே விடை கிடைப்பதில்லை. அவற்றையும் அவை தள்ளிவிடலாகாது. சிலப்பதிகாரத்திற்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார் கொங்குநாட்டு நிரம்பையைச் சேர்ந்தவர் என்பர். அவர் தம் உரைக்குத் துணையாகக் கொண்ட நூல்களுள் பஞ்சமரபும் ஒன்று. அவ்வுரையை 1892-இல் உ. வே. சாமிநாதையர் அச்சேற்றியபோது, பஞ்சமரபு பெயரளவிலேயே அறியப்பட்டிருந்தது. "அந்நூல் எங்கே?" என்ற வினா பல்லாண்டுகள் விடையின்றி நின்றது. பின்னர், கொங்குநாட்டு வேலம்பாளையம் தெய்வசிகாமணிக் கவுண்டரின் முயற்சியால் அது 1973-இல் அச்சில் வெளிவந்தது. விடை கிடைக்கவில்லை என்று அவ்வினாவை மறந்திருந்தால், ஏடு கைக்கு வந்த நாளிலும் அதன் அருமை விளங்கியிராது.

ஆதலின், அவையில் எழுந்து நின்று வினவுமுன் மாணவர் மூன்றினை எண்ணிப் பார்த்தல் நன்று. இவ்வினா இசையைப் பற்றியதா? விடையை நானே எளிதில் கண்டுகொள்ள இயலாதா? சான்று காட்டி ஆராய இதில் வழியுண்டா? மூன்றுக்கும் ஆம் எனின், வினவ அஞ்ச வேண்டுவதில்லை. வினவுவோர் இளையர் எனினும், அவ்வினாவைக் கேட்பது அவையின் கடமையாகும்.