கணினித் துணையின்றி இயங்கும் காமிரா

சங்கத்தின் பொது உபயோகத்திற்கு ஓர் இயந்திரத்தை வாங்கும்போது, அது எவ்வாறு வேலை செய்யும் என்பதோடு, எவ்வாறு நின்றுபோகும் என்பதையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். படம் பிடிப்பதோடு அப்படத்தை ஆராய்ந்து தானே முடிவும் செய்யும் சிறு காமிராவுக்கு இவ்விதி மிகவும் பொருந்தும்.

‘ஓப்பன்எம்வி எச்7’ என்னும் காமிராவை உதாரணமாகக் கொள்வோம். உள்ளங்கையில் அடங்கும் இதன் பலகையிலேயே 480 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள செயலியும் 1 மெகாபைட் நினைவகமும் அமைந்துள்ளன. இதற்கான கட்டளைகள் மைக்ரோபைத்தான் மொழியில் எழுதப்படும். நாடாவில் ஓடிவரும் தக்காளியில் பழத்தையும் காயையும் நிறத்தால் பிரித்தறிய இத்திறன் போதும்.

பழகும் காலத்தில் இக்காமிராவைக் கணினியுடன் இணைத்து வைப்போம். படம் திரையில் தெரியும், பிழை நேர்ந்தால் செய்தி வரும், உடனே திருத்துவோம். கம்பியைக் கழற்றியதும் இவ்வுதவிகள் யாவும் நீங்கிவிடும். ஆகவே, அதற்கு முன்பே நான்கு காரியங்களைக் கவனித்தல் அவசியம்.

முதலாவது, தொடக்கம். கட்டளைகளை ‘மெயின்’ என்னும் பெயருள்ள கோப்பாகக் காமிராவிலேயே சேமிக்க வேண்டும். மின்சாரம் வந்ததும் காமிரா அக்கோப்பைத் தேடி இயக்கும். கணினியிலிருந்து ஓட்டிப் பார்த்தது மட்டும் போதாது.

இரண்டாவது, சிக்கனம். 640க்கு 480 புள்ளிகள் கொண்ட வண்ணப்படம், புள்ளிக்கு 2 பைட் வீதம் 6,14,400 பைட் இடங்கொள்ளும். நினைவகத்தில் பாதிக்கு மேல் ஒரே படத்திற்குச் சென்றுவிடும். 320க்கு 240 எனக் குறைத்தால் 1,53,600 பைட்டே ஆகும்.

மூன்றாவது, ஒளி. வெளிச்சம் மாறுந்தோறும் காமிரா பிரகாசத்தையும் வெண்மையையும் தானே மாற்றிக்கொள்ளும். நிறம் அளக்கும் வேலைக்கு இது கேடு. அவ்விரு ஏற்பாடுகளையும் கட்டளையால் நிறுத்தி, மாறாத விளக்கொளி அமைத்தல் வேண்டும். சாயமிட்ட நூலின் நிறத்தை ஒப்பிட விரும்பும் நெசவாளருக்கும் இது பொருந்தும்.

நான்காவது, காவல். இதுவே தலையாயது. ‘காய் வந்தால் சமிக்ஞை கொடு’ என்று அமைப்பதே எளிதாகத் தோன்றும். ஆனால் காமிரா நின்றுபோனால் சமிக்ஞையே வராது. காய் யாவும் பழக்கூடையில் விழும். கூடையின்மேல் இருப்பது சங்கத்தின் பெயர். நம்பிக்கை கெட்டால் நட்டம் அங்கத்தினர் அனைவருக்குமே. ஆதலால் ஏற்பாட்டைத் திருப்பி அமைக்க வேண்டும். ஒவ்வொரு படத்தையும் ஆராய்ந்து முடித்ததும், படம் இருண்டிராவிட்டால் மட்டும், காமிரா ‘நலம்’ என ஒரு துடிப்பு அனுப்பட்டும். துடிப்பு நின்றால் நாடாவும் நிற்கட்டும். காமிராவின் 3.3 வோல்ட் சமிக்ஞை மோட்டாரை நேரே இயக்காது. தக்க ரிலே சுற்றின் வாயிலாகவே இணைக்க வேண்டும். கட்டளை நடுவில் உறைந்தால் காமிராவைத் தானே மறுபடி தொடங்கச் செய்யும் காவற் கடிகாரமும் செயலியில் உண்டு. அதனையும் பயன்படுத்துதல் நன்று.

இணைப்பு முடிந்தபின் மூன்று சோதனைகள் செய்து பார்க்கவும்:

1. கணினியைக் கழற்றி, மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுத்தால், காமிரா தானே வேலையைத் தொடங்குகிறதா?

2. கண்ணாடியைக் கையால் மூடினால் நாடா நிற்கிறதா?

3. காமிராவின் மின்கம்பியை மட்டும் பிடுங்கினால் நாடா நிற்கிறதா?

மூன்றுக்கும் ‘ஆம்’ என்ற விடை கிடைத்த பின்னரே அங்கத்தினரின் விளைபொருளை அதனிடம் ஒப்படைப்போம். காவலாளியின் மௌனத்தை நலமென்று கொள்ளலாகாது.