மின்னணு மருத்துவப் பதிவேடும் அரசின் ஊக்கத்தொகையும்: சிறு மருத்துவமனைகள் ஆயத்தமாகும் முறை

அல்சூர் ஏரியைச் சுற்றியுள்ள தெருக்களிலும், பஜார் தெருவிலும், மர்பி டவுன், ஜோகுபாளையம் பகுதிகளிலும் சிறு மருத்துவமனைகள், நர்சிங் ஹோம்கள், இரத்தப் பரிசோதனைக் கூடங்கள் பல இயங்கி வருகின்றன. தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் பகுதி இது. இங்குள்ள ஒருவர் காய்ச்சலுக்குத் தெருமுனை மருத்துவரிடம் செல்வார். பரிசோதனைக்கு வேறொரு கூடத்தை நாடுவார். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் சிவாஜிநகரிலுள்ள பௌரிங் அரசு மருத்துவமனைக்கோ, இந்திராநகரிலுள்ள சர் சி. வி. ராமன் பொது மருத்துவமனைக்கோ போவார். ஒவ்வோரிடத்திலும் ஒரு சீட்டு கிடைக்கும். அச்சீட்டுகள் வீட்டில் ஒரு பையில் சேரும். தேவைப்படும் நாளில் அவற்றுள் ஒன்று இல்லாமற்போகும்.

இக்குறையை நீக்குவதற்கென நடுவண் அரசு ஒரு திட்டத்தையும், அதில் இணையும் மருத்துவமனைகளுக்கு ஊக்கத்தொகையையும் அறிவித்துள்ளது. நமது வாடிக்கையாளர்களில் மருத்துவமனை நடத்துவோரும் உளர். நோயாளராகச் செல்வோரும் உளர். ஊக்கத்தொகை எதற்காக வழங்கப்படுகிறது, அதனைப் பெற ஒரு மருத்துவமனை எவ்வாறு ஆயத்தமாக வேண்டும், அதன் வரவு செலவை எவ்வாறு கணக்கிட வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

திட்டத்தின் அமைப்பு

2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தேசிய டிஜிட்டல் சுகாதார இயக்கம் அறிவிக்கப்பட்டது. முதலில் ஆறு ஒன்றியப் பகுதிகளில் சோதித்துப் பார்க்கப்பட்ட பின்னர், 2021ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் என்னும் பெயரில் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. தேசிய சுகாதார ஆணையம் இதனை நடத்துகிறது.

இதற்கு மூன்று அடிப்படைகள் உண்டு. முதலாவது, நோயாளருக்குரிய 14 இலக்க ஆபா எண். இரண்டாவது, மருத்துவர்களையும் பிற மருத்துவப் பணியாளர்களையும் கொண்ட பதிவேடு. மூன்றாவது, மருத்துவமனைகளையும் ஆய்வுக்கூடங்களையும் கொண்ட பதிவேடு. இம்மூன்றும் பொருந்தினால்தான் இந்த நோயாளருக்கு, இந்த மருத்துவர், இந்த இடத்தில் எழுதிய குறிப்பு இது என்று ஐயமின்றிக் கூற இயலும்.

பலர் தவறாக எண்ணும் செய்தி ஒன்றையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டும். நோயாளரின் குறிப்புகள் அனைத்தும் தில்லியிலுள்ள ஒரே கணினியில் குவிக்கப்படுவதில்லை. குறிப்பு எங்கு உருவாயிற்றோ அந்த மருத்துவமனையின் பொறுப்பிலேயே அது இருக்கும். நோயாளர் இசைவளித்தால் மட்டுமே மற்றொரு மருத்துவர் அதனைக் காண முடியும். ஆபா எண் பெறுவது அவரவர் விருப்பம். அது இல்லையென்று சிகிச்சையை மறுக்க இயலாது.

ஊக்கத்தொகை எதற்கு?

டிஜிட்டல் சுகாதார ஊக்கத்தொகைத் திட்டம் 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு, 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது; பின்னர் நீட்டிக்கப்பட்டது. தகுதியுள்ள ஒரு நிறுவனம் 4 கோடி ரூபாய் வரை பெறலாம் என்பது அறிவிப்பின் உச்சவரம்பு. கணினி வாங்கியதற்காகவோ மென்பொருள் நிறுவியதற்காகவோ இத்தொகை தரப்படுவதில்லை. நோயாளரின் ஆபா கணக்குடன் இணைக்கப்பட்ட குறிப்புகளின் எண்ணிக்கையே அளவுகோல். அதுவும் ஒரு குறைந்தபட்ச அளவைத் தாண்டிய பின்னரே தொகை கணக்கிடப்படும்.

திட்டம் தொடங்கியபோது, 10 அல்லது அதற்கு மேற்பட்ட படுக்கைகள் உள்ள மருத்துவமனைக்குப் படுக்கை ஒன்றுக்கு மாதம் 50 பதிவுகள் அடிப்படை அளவாகக் கொள்ளப்பட்டன. அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு பதிவுக்கும் 20 ரூபாய் என்று வகுக்கப்பட்டது. ஆய்வுக்கூடங்களுக்கு அடிப்படை அளவு மாதம் 500 பதிவுகள். அதற்கு மேல் பதிவு ஒன்றுக்கு 15 ரூபாய். நடப்பு விகிதங்களையும் இறுதி நாளையும் விண்ணப்பிக்கும் முன் ஆணையத்தின் அறிவிப்பில் சரிபார்த்துக்கொள்க.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 30 படுக்கைகள் கொண்ட நர்சிங் ஹோம் ஒன்றுக்கு அடிப்படை அளவு 30 பெருக்கல் 50, அதாவது மாதம் 1,500 பதிவுகள். நாளொன்றுக்கு 60 வெளிநோயாளர் வருகை என்றும், மாதம் 25 வேலை நாட்கள் என்றும் கொண்டால் மொத்தம் 1,500 வருகைகள். ஒவ்வொரு வருகைக்கும் ஒரு பதிவு தவறாமல் இணைக்கப்பட்டாலும் ஊக்கத்தொகை சுழியமே. பாதிப் பேரிடம் ஆபா எண் இல்லையெனில் அடிப்படை அளவையே எட்ட முடியாது. அதே மருத்துவமனை 1,800 பதிவுகளை எட்டினால் கிடைப்பது 6,000 ரூபாய். 2,500 பதிவுகளை எட்டினால் 20,000 ரூபாய்.

ஆதலின், மென்பொருள் வாங்கினால் அரசுப் பணம் தானே வரும் என்னும் விற்பனைப் பேச்சை நம்பிக் கடன் வாங்குதல் கூடாது. ஊக்கத்தொகை, வேலை நடந்து முடிந்த பிறகு வருவது. தவணையோ மாதந்தோறும் கட்ட வேண்டியது. மருத்துவமனையின் வழக்கமான வருவாயைக் கொண்டே தவணையைச் செலுத்த இயலுமா என்று முதலில் பாருங்கள். இயலுமெனில் ஊக்கத்தொகையைக் கூடுதல் வரவாகக் கொள்ளலாம்.

அமெரிக்கா கற்ற பாடம்

இத்தகைய முயற்சி உலகிற்குப் புதிதன்று. அமெரிக்காவில் 2009 பிப்ரவரியில் இயற்றப்பட்ட ஹைடெக் சட்டம், மின்னணுப் பதிவேடுகளைப் பயனுள்ள முறையில் கையாளும் மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் 2011 முதல் ஊக்கத்தொகை வழங்க வழிசெய்தது. நிபந்தனைகள் படிப்படியாகக் கடுமையாக்கப்பட்டன. 2015 முதல், நிறைவு செய்யாதோரின் மெடிகேர் தொகையில் பிடித்தமும் தொடங்கியது.

விளைவு இருவகையாக அமைந்தது. 2008இல் அந்நாட்டு மருத்துவமனைகளில் ஏறத்தாழ 9 சதவீதமே அடிப்படை மின்னணுப் பதிவேட்டைக் கொண்டிருந்தன. 2015இல் அது ஏறத்தாழ 84 சதவீதமாயிற்று. ஆயினும் நோயாளரின் முகத்தைப் பார்க்கும் நேரம் குறைந்து திரையைப் பார்க்கும் நேரம் மிகுந்ததென்று மருத்துவர்கள் குறைகூறினர். ஒரு மருத்துவமனையின் மென்பொருளிலுள்ள குறிப்பை மற்றொன்றால் படிக்க முடியாத நிலையும் நீடித்தது. தகவலைத் தடுத்து வைப்பதற்கு எதிராக 2016இல் தனிச் சட்டப்பிரிவே தேவைப்பட்டது.

நிபந்தனையை நிறைவு செய்வது ஒன்று; நோயாளருக்குப் பயன்படுவது மற்றொன்று. இரண்டும் ஒன்றாக அமையும்படி தொடக்கத்திலேயே திட்டமிடுவதே ஆயத்தம் எனப்படும். அதன் படிகள் வருமாறு.

முதற்படி: தாளின் வழியை அறிதல்

ஒரு வாரகாலம் மருத்துவமனையில் எந்தத் தாள் எங்கே பிறக்கிறது, யார் எழுதுகிறார், எங்கே போய்ச் சேர்கிறது என்பதைக் குறித்து வையுங்கள். பதிவு மேசை, வெளிநோயாளர் சீட்டு, செவிலியர் குறிப்பு, ஆய்வுக்கூட அறிக்கை, மருந்தகப் பட்டியல், வீடு திரும்பும்போது தரப்படும் டிஸ்சார்ஜ் சம்மரி ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். ஒரே செய்தி மூன்று இடங்களில் எழுதப்படுவது அப்போது புலப்படும். அந்தக் குழப்பத்தை நீக்காமல் கணினியில் ஏற்றினால், அது கணினியிலும் தொடரும்.

மருத்துவக் குறிப்புகளைப் பேணுவது புதிய கடமையுமன்று. உள்நோயாளர் குறிப்புகளை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், நோயாளர் கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை மருத்துவர்களுக்கு விதித்துள்ளது. நல்ல பதிவேடு இக்கடமையையும் எளிதாக்கும்.

இரண்டாம் படி: பெயரைச் சரிசெய்தல்

அல்சூர் போன்ற பகுதியில் இதுவே பெரும் வேலை. தமிழர் பெயருக்கு முன் தந்தையின் முதலெழுத்து வரும். படிவமோ குடும்பப் பெயரைக் கேட்கும். ஆதாரில் முதலெழுத்து பெயரின் முடிவில் இருக்கும். பழைய மருத்துவமனை அட்டையில் முன்னால் இருக்கும். பரிசோதனைக் கூடத்தில் அது விடுபட்டிருக்கும். செல்வி, செல்வியம்மாள், எம். செல்வி என ஒருவரே மூவராகப் பதிவாகிவிடுவார். ஒருவரின் ஒவ்வாமைக் குறிப்பு மற்றொருவரின் ஏட்டில் சேர்ந்தால் உயிருக்கே தீங்கு நேரும். பிறந்த ஆண்டு, கைபேசி எண், ஆபா எண் ஆகியவற்றை ஒப்பிட்டு இரட்டைப் பதிவுகளை நீக்கிய பின்னரே புதிய மென்பொருளுக்கு மாறுதல் நன்று.

மூன்றாம் படி: நிறுவனமும் மருத்துவரும் பதிவு பெறுதல்

கர்நாடகத்தில் தனியார் மருத்துவமனைகள் 2007ஆம் ஆண்டின் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும். அச்சான்றிலுள்ள பெயர், முகவரி, படுக்கை எண்ணிக்கை ஆகியவை தேசியப் பதிவேட்டில் தரும் விவரங்களோடு ஒத்திருத்தல் வேண்டும். வங்கிக் கணக்கின் பெயரும் அவ்வாறே. அன்றாடப் புழக்கத்தில் ஒரு பெயரும் சான்றிதழில் வேறொரு பெயரும் இருந்தால், தொகை வரவு வைக்கப்படுவதில் இடர் நேரலாம். மருத்துவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் மாநில மருத்துவக் கழகப் பதிவெண்ணுடன் தனியே பதிய வேண்டும்.

நான்காம் படி: மென்பொருளைத் தேர்தல்

ஆபா எண்ணை உருவாக்கிச் சரிபார்த்தல், குறிப்புகளை அதனுடன் இணைத்தல், இசைவு பெற்றுப் பிறரது குறிப்பைக் காணுதல் என இயக்கம் மூன்று கட்டங்களை வகுத்துள்ளது. விற்பனையாளர் எக்கட்டம் வரை தேறியுள்ளார் என்று எழுத்து மூலம் கேளுங்கள். முதற்கட்டம் மட்டும் தேறிய மென்பொருளால் குறிப்புகளை இணைக்க இயலாது, ஊக்கத்தொகையும் வராது.

மேலும் மூன்று கேள்விகள் இன்றியமையாதவை. ஒப்பந்தம் முடிந்தால் நமது குறிப்புகள் அனைத்தையும் பிற மென்பொருள் படிக்கும் வடிவில் தருவாரா? இணையம் தடைப்பட்டால் வேலை நடக்குமா? நோய்ப் பெயர்களுக்குப் பொதுக் குறியீடுகள் உள்ளனவா? ஸ்னோமெட் சி.டி. என்னும் பன்னாட்டு மருத்துவச் சொற்குறியீட்டு முறையில் இந்தியா 2014 முதல் உறுப்பு நாடாக இருப்பதால், அதனை இங்குக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

ஐந்தாம் படி: எளியவற்றிலிருந்து தொடங்குதல்

மருத்துவரின் கையெழுத்துச் சீட்டை முதல் நாளிலேயே மாற்ற முனைவது பெரும்பாலும் எதிர்ப்பில் முடியும். ஆய்வுக்கூட அறிக்கையும் டிஸ்சார்ஜ் சம்மரியும் பல இடங்களில் முன்னரே தட்டச்சில் உள்ளவை. அவ்விரண்டையும் முதலில் இணையுங்கள். பணியாளர்கள் பழகிய பின், அடிக்கடி எழுதும் மருந்துகளையும் அளவுகளையும் ஆயத்தப் பட்டியலாக அமைத்துத் தந்தால் மருத்துவரின் சுமையும் குறையும். எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக மங்கலான படங்களை இணைப்பதில் பயனில்லை. அடுத்த மருத்துவரால் படிக்க முடியாத பதிவு, பையில் தொலைந்த சீட்டுக்கு ஒப்பாகும்.

ஆறாம் படி: ஓ.டி.பி.யும் பாதுகாப்பும்

ஓ.டி.பி. எண்ணை எவரிடமும் கூறாதீர் என்று வங்கிகள் இடைவிடாது அறிவுறுத்தி வருகின்றன. ஆதார் வழியாக ஆபா எண் பெறும்போதும் ஓ.டி.பி. வருகிறது, பதிவு மேசைப் பணியாளர் அதனைக் கேட்கும்போது மூத்த குடிமக்கள் தயங்குகின்றனர். அத்தயக்கம் முறையானதே, அதனைக் குறையெனக் கொள்ளுதல் கூடாது. நோயாளரே தம் கைபேசியில் ஆபா எண்ணை உருவாக்கலாம். வரவேற்பிடத்திலுள்ள கியூஆர் குறியீட்டைத் தம் செயலியால் ஸ்கேன் செய்து விவரம் தரலாம். அன்றேல் மேசையிலுள்ள விசைப்பலகையில் ஓ.டி.பி.யைத் தாமே இடலாம். குறுஞ்செய்தியில் எழுதியுள்ள நோக்கத்தைப் படித்த பின்னரே எண்ணை இட வேண்டும். ஆபா எண்ணுக்காக எனத் தொலைபேசியில் எவர் ஓ.டி.பி. கேட்டாலும் தருதல் ஆகாது. இவற்றைக் கன்னடம், தமிழ், உருது, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் அறிவிப்புப் பலகையாக வைத்தல் மருத்துவமனைகளின் கடமை.

2022 நவம்பர் 23ஆம் நாள் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் தாக்கப்பட்டுச் செயலிழந்தன. பல நாட்கள் கையால் எழுதியே பணிகள் நடத்தப்பட்டன. பெருநிறுவனத்திற்கே இந்நிலை எனில் சிறு மருத்துவமனைகள் மேலும் விழிப்புடன் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு பணியாளருக்கும் தனிக் கடவுச்சொல், நாள்தோறும் காப்பு நகல், வலைப்பின்னலிலிருந்து பிரித்து வைத்த மற்றொரு நகல், கணினி நின்றால் பயன்படுத்த அச்சிட்ட படிவங்கள் ஆகியவை குறைந்தபட்சத் தேவைகள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தக்க பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்யத் தவறுவோர்க்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது.

வரவு செலவும் வாசகர்க்கு ஒரு சொல்

செலவுக் கணக்கில் மென்பொருளின் மாதக் கட்டணம், கணினிகள், இணைய இணைப்பு, பயிற்சி, முதல் ஆறு மாதங்களுக்கான கூடுதல் பதிவுப் பணியாளர் ஆகியவற்றைச் சேருங்கள். வரவுக் கணக்கில் ஊக்கத்தொகையைக் கடைசியாக எழுதுங்கள். அதற்கு முன்னே எழுதத்தக்கவை பல உள: தொலைந்த அறிக்கைக்காக மறுமுறை செய்யும் பரிசோதனை குறைதல், முழுமையான குறிப்புகளால் காப்பீட்டுக் கோரிக்கைகளில் எழும் கேள்விகள் குறைதல், பழைய ஏடுகளுக்கென ஒதுக்கிய அறை மிஞ்சுதல் முதலியன. அரசின் திட்டம் நாளை மாறினாலும் இப்பயன்கள் நிலைக்கும்.

நோயாளராகச் செல்லும் வாசகர்கள், அடுத்த முறை மருத்துவமனைக்குச் செல்லும்போது சீட்டிலுள்ள பெயரும் பிறந்த ஆண்டும் ஆதாருடன் ஒத்துள்ளனவா என்று பார்த்து, வேறுபாடு இருப்பின் பதிவு மேசையிலேயே திருத்திக்கொள்க. மருத்துவமனை நடத்தும் வாசகர்கள், மென்பொருள் விலைப்பட்டியல், மாதாந்தர நோயாளர் எண்ணிக்கை, மேற்கூறிய கணக்கு ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு, கடன் விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன் தங்கள் கிளை மேலாளருடன் கலந்து பேசுக.