பச்சைத் தூளும் எஃகுக் கரண்டியும்



கோபால்ட் மாசூட்டிய துத்தநாக ஆக்சைடு நானோ துகள்களைப் பற்றிய உன் ஆய்வேட்டைப் படித்தேன். 565, 610, 655 நானோமீட்டருக்கு அருகே எழும் மூன்று உட்கவர் பட்டைகளைக் கொண்டு, கோபால்ட் அயனி நான்கு ஆக்சிஜன்களுக்கு நடுவே துத்தநாகத்தின் ஸ்தானத்திலேயே அமர்ந்திருக்கிறது என்று நீ நிரூபித்திருக்கும் நேர்த்தியை, இத்துறையில் நரைத்துப் போனவர்களிடமும் நான் கண்டதில்லை. அந்த அத்தியாயம் அற்புதம்.

ஆனால் காந்தமேற்றத்தை அளக்கும் அடுத்த அத்தியாயத்தில், அந்தப் பச்சைத் தூளை எஃகு ஸ்பேட்டுலாவால் எடுத்து நிறுத்ததாக நீயே கூச்சமின்றி எழுதியிருக்கும் இடம் வந்ததும் ஏட்டை மூடிவிட்டேன். ஹாஃப்னியம் ஆக்சைடுப் படலத்தில் ஃபெரோ காந்தம் கண்டதாக 2004-இல் டப்ளின் ஆய்வாளர்கள் அறிவிக்க, மறு ஆண்டே ஐ.பி.எம். ஆய்வாளர்கள், தூய படலத்தில் காந்தமே இல்லை, எஃகு இடுக்கி தொட்டால்தான் அதுபோன்ற காந்தத் தயக்கக் கண்ணி எழுகிறது என்று காட்டிய விருத்தாந்தத்தை உன் முதல் அத்தியாயத்தில் விஸ்தாரமாகச் சொல்லிவிட்டு, பிறகு எஃகையே கையில் எடுத்தாயே, அதுதான் பொறுக்கவில்லை.

கணக்கைப் பார். ஐந்து சதவீதக் கோபால்ட் அணுக்களும் தத்தம் மூன்று போர் மேக்னட்டானை ஒரே திசையில் நிறுத்தினால் கிராமுக்குச் சுமார் 10 இ.எம்.யு. காந்தமேற்றம் கிடைக்க வேண்டும்; உனக்குக் கிடைத்ததோ 0.004. 2,500 அணுக்களில் ஒன்று உழைத்தாலே இதற்குப் போதும். நீ நிறுத்த 50 மில்லிகிராமின் மொத்தத் திருப்புத்திறனை, ஒரே ஒரு மைக்ரோகிராம் இரும்பு தனியாகவே தந்துவிடும். எக்ஸ்-கதிர் வரைபடத்தில் வேறு கட்டம் தென்படவில்லை என்கிறாய். அவ்வளவு சொற்பம் அதில் எப்படித் தென்படும்? காந்தமேற்றத்தை அச்சிடுகிற எவரும், அது எத்தனை மைக்ரோகிராம் இரும்புக்குச் சமம் என்பதையும் பக்கத்திலேயே அச்சிட வேண்டும் என்பது என் நெடுநாளைய பிடிவாதம். சஞ்சிகை ஆசிரியர்கள் எவரும் இதற்குச் செவிசாய்த்ததில்லை.

எனக்குக் காந்தவியல் கற்பித்த ஆசிரியர், கூய் தராசு இருந்த அறைக்குள் சாவிக்கொத்தையும் கைக்கடிகாரத்தையும் கொண்டுவர விடமாட்டார். தூள் எடுக்க மாட்டுக்கொம்பில் செதுக்கிய கரண்டி ஒன்று உண்டு. மழைக்காலத்தில் அது நாறும். நாங்கள் பரிகசித்ததுண்டு, ஆனால் அவர் வெளியிட்ட எண்களைப் பிற்பாடு எவரும் திருத்த நேர்ந்ததில்லை.

இன்னொன்று. பெங்களூர் ஜவாஹர்லால் நேரு மையத்தில் சுந்தரேசனும் சி.என்.ஆர். ராவும் குழுவினரும் 2006-இல், எதையும் மாசூட்டாத ஆக்சைடு நானோ துகள்களிலேயே அறை வெப்பநிலையில் மெலிந்த ஃபெரோ காந்தத்தைக் கண்டு, மேற்பரப்பின் ஆக்சிஜன் வெற்றிடங்களைக் காரணமாகச் சொன்னார்கள். அவ்வாறிருக்க, கோபால்ட் சேராத தூளை நீ அளக்கவேயில்லை! அதே அசிடேட், அதே உரல், அதே உலை கொண்டு அதைச் செய்து, பிளாஸ்டிக் கரண்டியால் எடுத்து அளந்து, அதன் கண்ணியையும் வெறும் குப்பியின் கண்ணியையும் முதலில் எனக்கு அனுப்பு; தேர்வாளர்களுக்கு அனுப்புவது பிறகு ஆகட்டும்.