முதுமையில் வைட்டமின் டி: வெயிலும் அளவும்

காலையில் கண்ணாடிச் சன்னலருகே அமர்ந்து நாளிதழ் படிக்கும் மூத்தவர்கள், தமக்குப் போதிய வெயில் கிடைப்பதாக எண்ணுவதுண்டு. ஆனால் தோலில் வைட்டமின் டி உருவாகத் தேவையான புற ஊதா பி கதிர்களைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடுகிறது.

எலும்புக்கு உரியதாக அறியப்பட்ட இச்சத்து, நோய் எதிர்ப்பாற்றலுக்கும் துணைநிற்கிறது. இதன் உதவியால் வெள்ளணுக்கள் கேதலிசிடின் என்னும் கிருமிக்கொல்லிப் பொருளை உருவாக்குவதை, காசநோய்க் கிருமியைக் கொண்டு 2006ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு விளக்கியது. முதுமையில் தோலின் உற்பத்தித்திறன் இளமையில் இருந்ததில் பாதிக்கும் கீழாகக் குறைகிறது.

வெயிலுக்கு நம் நிழலே வழிகாட்டி. நிழல் நம் உயரத்தைவிடக் குறுகியிருக்கும் வேளையில்தான் இக்கதிர்கள் நன்கு கிடைக்கின்றன. அப்போது கை, கால்களில் சிறிது நேரம் வெயில் படுதல் நலம், தலைசுற்றும்வரை நிற்றலாகாது. மீனும் முட்டையின் மஞ்சள்கருவும் ஓரளவு உதவும்.

மருந்தில் கூடுதல் கவனம் தேவை. 60,000 அலகு கொண்ட மாத்திரையோ பொடியோ பொதுவாக வாரம் ஒருமுறை, சில வாரங்களுக்கே பரிந்துரைக்கப்படுகிறது. மறதியால் அதை நாள்தோறும் உட்கொண்டால், கொழுப்பில் கரையும் இச்சத்து உடலில் தேங்கி, இரத்தத்தில் கால்சியத்தை உயர்த்திச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். வாந்தி, மிகுந்த தாகம், மலச்சிக்கல், மனக்குழப்பம் ஆகியன அதன் அறிகுறிகள்.

குறைபாட்டை ஈடுசெய்வதே மருந்தின் பயன். போதிய அளவு உள்ளவருக்கு மேலும் அளிப்பதால் எதிர்ப்பாற்றல் பெருகிவிடாது. ஆகவே இரத்தப் பரிசோதனைக்குப் பின், மருத்துவர் கூறும் அளவிலேயே உட்கொள்க. மருத்துவச் சீட்டில் ‘வாரம் ஒருமுறை’ என்றிருப்பதை, மருந்தெடுத்துத் தரும் பிள்ளைகளும் படித்தறிதல் நன்று.