பழைய புல்லட் ஸ்டார்ட் ஆக மறுக்கிறதா?

1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. அதன் திருவொற்றியூர் ஆலையில் தயாரான வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டுகள் இன்றும் பல வீட்டு வாசல்களில் நிற்கின்றன. 346 சிசி, ஒற்றை சிலிண்டர், கிக்கர் மட்டும்தான். நல்ல நிலையில் உள்ள வண்டி இரண்டு மூன்று உதையில் கிளம்பிவிடும். பத்து உதைத்தும் கிளம்பாவிட்டால், மேலும் உதைத்துக் களைத்துப் போகாமல் காரணத்தைத் தேடுங்கள். கார்புரேட்டரைக் கழற்ற அவசரப்பட வேண்டாம். முதலில் மின்சாரம், பிறகுதான் பெட்ரோல்.

1. உதைக்கும் முறையிலிருந்து தொடங்குங்கள். சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்தினால் ஓரிடத்தில் இறுகி நின்றுவிடும். அங்கே இடக்கைப் பக்கமுள்ள டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக்கொண்டு, அம்மீட்டர் முள்ளைப் பார்த்தபடியே கிக்கரை இன்னும் சற்று நகர்த்துங்கள். மைனஸ் பக்கம் சாய்ந்திருக்கும் முள் சட்டென்று நடுவுக்கு வரும். அதோடு நிறுத்தி, லீவரை விட்டு, கிக்கரையும் மேலே வர விடுங்கள். இப்போது ஆக்சிலேட்டரை முறுக்காமல், உடல் எடை முழுவதும் இறங்கும்படி கடைசிவரை ஒரே வீச்சாக உதையுங்கள். புல்லட் கிளம்பவில்லை என்ற புகார்களில் கணிசமானவை இதைச் சரியாகச் செய்தாலே தீர்ந்துவிடும்.

2. செருப்புக் காலோடு உதைக்கவே கூடாது. கிக்கர் திருப்பி அடித்தால் கணுக்கால், முழங்கால் இரண்டுக்கும் ஆபத்து. ஷூ போடுங்கள், முழங்காலை விறைப்பாக நீட்டாதீர்கள்.

3. பாயின்ட் வைத்த இந்த இன்ஜினில் தீப்பொறிக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்துதான் வருகிறது. ஹாரன் முனகினால், முதல் வேலை பேட்டரியை சார்ஜ் போடுவது. கிக்கரை மெல்லச் சுற்றியும் அம்மீட்டர் முள் அசையவே இல்லையென்றால் ஃபியூஸ், பேட்டரி முனைகள், எர்த் வயர், பாயின்ட் ஆகியவற்றைப் பாருங்கள். முனைகளில் பூத்திருக்கும் வெள்ளை உப்பைச் சுரண்டி, இறுக்கி, வாசலின் தடவுங்கள்.

4. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பற்றவில்லை. உலர்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. தீப்பொறியைச் சோதிக்க, பிளக்கைத் தொப்பியில் செருகி, அதன் உலோகப் பகுதி இன்ஜினைத் தொடும்படி வைத்துக் கிக்கரை உதைக்கலாம். பிளக் துளைக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். அங்கிருந்து வரும் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும். நீலமாக, சடசடவென்று அடித்தால் நல்லது. மஞ்சளாக மங்கினால் அடுத்த குறிப்புக்குப் போங்கள்.

5. பாயின்ட்தான் இந்த வண்டியின் உயிர்நாடி. இன்ஜினின் வலப்பக்கம் சிறு மூடிக்குள் இருக்கும். மூடியைத் திறந்து, இரண்டு முனைகளும் தொடும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். ஒன்றில் கடுகைவிடச் சிறிய மேடும் மற்றதில் அதற்கேற்ற பள்ளமும் தெரிந்தால், அல்லது கருகியிருந்தால், நைசான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடுங்கள். பிறகு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு துண்டு வெட்டிப் பெட்ரோலில் நனைத்து, முனைகளுக்கு நடுவே இழுத்தால் தூளெல்லாம் வந்துவிடும். துணி என்றால் நூல் சிக்கும். முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் கொண்டு அளந்து பாருங்கள். கண் மதிப்பு போதாது. நாளாக ஆக ஃபைபர் குதிகால் தேய்ந்து இடைவெளி குறையும், கூடவே டைமிங்கும் பின்தங்கும். அந்தக் குதிகாலில் ஒரு பொட்டு கிரீஸ் வையுங்கள், அதிகம் வேண்டாம்.

6. மங்கிய வெளிச்சத்தில் கிக்கரைச் சுற்றும்போது பாயின்ட் முனையிலேயே பெரிதாகப் பொறி பறந்தால் கண்டன்ஸர் போய்விட்டது என்று சந்தேகிக்கலாம். விலை குறைந்த பொருள், மாற்றிவிடுங்கள்.

7. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பழைய பெட்ரோலை முழுதாக வடித்துவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டேங்க் துருப்பிடிக்கும், பழைய ரப்பர் குழாய்கள் கெடும்.

8. கிளம்பிச் சிறிது தூரம் ஓடி நின்றுவிடுகிறதா? டேங்க் மூடியைத் திறந்து மூடியதும் மீண்டும் ஓடினால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

9. கார்புரேட்டரில் முதலில் அடைபடுவது சிறிய பைலட் ஜெட். கழற்றிக் காற்றடித்தால் போதும். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி வண்டி என்றைக்குமே சரியாக ஐட்லிங் நிற்காது. சோக்கு இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும்.

10. பெட்ரோல் அதிகமாகிப் போனால் சாவியை அணைத்து, பெட்ரோல் குழாயை மூடுங்கள். டீகம்ப்ரஸரைப் பிடித்தபடி, ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து ஐந்தாறு முறை உதையுங்கள். பிளக்கைத் துடைத்துப் போட்டு மீண்டும் முயலுங்கள்.

11. காலையில் கிளம்பும் வண்டி சூடானபின் மறுத்தால் டேப்பெட்டைப் பாருங்கள். இன்ஜின் நன்றாகக் குளிர்ந்தபின், பிஸ்டன் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் இருக்கும்போது புஷ்ராடு விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. சுழலவில்லையென்றால் வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் கசிகிறது. டீகம்ப்ரஸர் கேபிள் தளர்வின்றி இழுத்துக்கொண்டிருந்தாலும் இதே தொல்லைதான்.

12. நெடுநாள் நின்ற வண்டியில் ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கியிருக்கும். கிக்கர் வழக்கத்தைவிடக் கனக்கும், கிளம்பினால் புகை கக்கும். அடியிலுள்ள நட்டைத் திறந்து வடித்துவிட்டு உதையுங்கள்.

13. எல்லாம் சரியாக இருந்தும் கிக்கர் திருப்பி அடித்தால், பாயின்டுக்குக் கீழுள்ள ஆட்டோ அட்வான்ஸ் எடைகள் சிக்கியிருக்கலாம் அல்லது டைமிங் முந்தியிருக்கலாம். இதைப் பழைய புல்லட் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். எதெதை மாற்றினீர்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். அவருக்குப் பாதி வேலை மிச்சம்.