ஊசிக்கு முன்னால் பேசிவிடு

அன்புள்ள தங்கைக்கு,

அணு மருத்துவப் பிரிவில் எல்லாம் பிடித்திருக்கிறது, நோயாளியை விட்டு எட்டி நிற்பதுதான் மனசுக்கு ஒப்பவில்லை என்று எழுதியிருந்தாய். எக்ஸ்ரே அறையில் கதிர் இயந்திரத்திலிருந்து வருகிறது, நிறுத்தினால் நின்றுவிடும். நம் பிரிவிலோ கதிரியக்க மருந்து ஏறிய நொடியிலிருந்து நோயாளியின் உடம்பே கதிர் வீசுகிறது. அதை நிறுத்த வழியில்லை. ஆகவே அவரோடு உட்கார்ந்து பேச நமக்குக் கிடைக்கும் நேரம் ஊசிக்கு முன்னால் மட்டும்தான்.

கேட்க வேண்டியதைக் கேட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லி, கேனுலா போட்டு, சலைன் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்த பிறகே சிரிஞ்ச், மருந்து தயாராகும் ஹாட் லேபை விட்டு வெளியே வரட்டும்.

கேட்பதிலும் பக்குவம் வேண்டும். பெட் ஸ்கேனுக்கு வந்தவரிடம் "சாப்பிட்டீங்களா?" என்றால் "இல்லை" என்பார். காலையில் குடித்த காபி நம் ஊரில் சாப்பாட்டுக் கணக்கில் வராது. காபியா, டீயா, இளநீரா என்று பெயர் சொல்லிக் கேள். ரத்தச் சர்க்கரையையும் பார்த்துவிடு. மாமியார் எதிரில் ஒரு பெண்ணிடம் கர்ப்பமா என்று கேட்டால் சரியான பதில் வராது. தனியே அழைத்து, கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தார் என்று கேள். குழந்தைக்குப் பால் கொடுக்கிறாரா என்பதையும் அப்போதே கேட்டுவிடு.

சொல்வதைக் காரணத்தோடு சொல். பெட் ஸ்கேனுக்கான எஃப்டிஜி மருந்தை ஏற்றியபின் ஒரு மணி நேரம் பேசாமல், எதையும் மெல்லாமல், போர்த்திக்கொண்டு படுத்திருக்க வேண்டும். பேசினால் குரல்வளைத் தசையும், மென்றால் தாடைத் தசையும் மருந்தை இழுத்துக்கொண்டு படத்தில் பளிச்சென்று தெரியும். குளிரில் கழுத்தோரப் பழுப்புக் கொழுப்பும் அப்படியே. எலும்பு ஸ்கேனுக்கு வந்தவர் நிறையத் தண்ணீர் குடித்து, படம் எடுக்குமுன் சிறுநீர் கழித்துவிட்டு வரவேண்டும். துணியில் பட்ட ஒரு சொட்டுகூடத் தொடை எலும்பில் நோய் இருப்பதுபோல் காட்டிவிடும். இதைத் தெரிந்துகொண்டவர் தானே கவனமாக இருப்பார்.

மருந்து தேய்கிறதே, பேச ஏது நேரம் என்பாய். தேய்கிறதுதான். எலும்பு ஸ்கேன் மருந்திலுள்ள டெக்னீஷியம் 99எம் ஆறு மணி நேரத்தில் பாதியாகும். எஃப்டிஜியிலுள்ள ஃபுளூரின் 18 சுமார் 110 நிமிடத்தில். ஆனால் கணக்குப் போட்டுப் பார்: ஐந்து நிமிடம் பேசினால் டெக்னீஷியத்தில் ஏறக்குறைய 1 சதவீதம் போகும், ஃபுளூரினில் 3 சதவீதம். பேசாமல் விட்டு ஸ்கேனைத் திரும்ப எடுக்க நேர்ந்தால் முழு டோஸும் வீண். அந்த உடம்புக்கு இரண்டாவது முறை கதிரும் ஏறும்.

ஊசி போட்டபின் தயங்காமல் விலகி நில். தூரம் இரட்டித்தால் கதிர் ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகும். பெட் அறையில் ஈய ஏப்ரனை நம்பாதே. ஃபுளூரினிலிருந்து வரும் 511 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கதிரை அது பெரிதாகத் தடுக்காது. அங்கே தூரமும் நேரமும்தான் காப்பு. ஆனால் தள்ளாடி விழப்போகும் பெரியவரை ஓடிப்போய்த் தாங்கு. அந்தச் சில நொடிக்காகத்தான் மற்ற நேரமெல்லாம் சிக்கனம்.

இந்த வேலையில் இருந்தால் பிள்ளை பிறக்குமா என்று பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்பார்கள். கோபப்படாமல் கணக்கைச் சொல். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் நமக்கு விதித்த வரம்பு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்; எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக்கூடாது. உனக்கு எவ்வளவு ஏறியது என்பதை டிஎல்டி பேட்ஜ் சொல்லும், அதை நீ போட்டுக்கொண்டிருந்தால். மேசை டிராயரில் கிடக்கும் பேட்ஜ் டிராயரைத்தான் அளக்கும். நாளைக்கு நீ கருவுற்றால், தெரிந்த அன்றே பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்லிவிடு. அதன்பின் கருவுக்கான வரம்பு 1 மில்லிசீவர்ட்தான்.

கடைசியாக ஒன்று. படம் திரையில் வரும்போது நோயாளி "என்னம்மா தெரியுது?" என்று கேட்பார். கூட வந்த மகன் ஜாடையால் "சொல்லாதீங்க" என்பான். படத்தைப் படித்துச் சொல்வது டாக்டரின் வேலை. இதையும் முதலிலேயே சொல்லி வைத்துவிட்டால், பிறகு நீ பேசாமல் இருப்பதை அவர் கெட்ட செய்தியாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிடும்போது உன் கையில் சிரிஞ்ச் இருக்க வேண்டாம். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்.

அன்புடன்,
அக்கா