ஒரு யந்திரம், மூன்று வேலைகள்

மரம் அறுப்பதற்கு ஒன்று, காடி எடுப்பதற்கு ஒன்று, தேய்த்து வழவழப்பாக்குவதற்கு ஒன்று எனத் தனித்தனி யந்திரங்கள் வாங்குவது சிறிய தச்சுப் பட்டறைக்கு எளிதன்று. ஒரே யந்திரம் இம்மூன்றையும் செய்யுமெனில் அதை வாங்கலாமா என்ற கேள்வி எழுவது இயல்பே. அத்தகைய யந்திரமான ரேடியல் ஆர்ம் ரம்பத்தைப் பற்றி இங்கு ஆராய்வோம்.

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ரேமண்ட் டிவால்ட் என்பவர் 1922-ஆம் ஆண்டில் இதனை அமைத்தார். மேசையின் பின்புறம் ஒரு தூண்; தூணின் உச்சியிலிருந்து மேசைக்கு மேலாக நீளும் ஒரு கை; அக்கையின் அடியில் தொங்கும் மோட்டார்; மோட்டாரின் அச்சில் வட்ட ரம்பம். கை இடமும் வலமும் திரும்பும். மோட்டார் முன்னும் பின்னும் நகரும், சாயவும் செய்யும். இவ்வாறு சாய்வதாலேயே இது பிற வேலைகளுக்கும் பயன்படுகிறது.

முதலில் காடி எடுத்தல். அச்சு செங்குத்தாக நிற்கும்படி மோட்டாரைத் திருப்பி, அதன் கீழ்முனையில் வெட்டும் அலகைப் பொருத்துவர். எல்லா மாதிரிகளிலும் இதற்கு வசதி இல்லை. வாங்குமுன் கேட்டறிதல் நலம். நம் நாட்டு மின்சாரத்தில் இவ்வகை மோட்டார்களுள் பெரும்பாலானவை நிமிடத்திற்குச் சுமார் 2,850 முறை சுழல்கின்றன. கையில் பிடித்து வேலை செய்யும் ரூட்டரோ 20,000 முறைக்கு மேலும் சுழல வல்லது. வேகம் குறைந்தால் அலகு மரத்தைச் சீராகச் சீவாமல் நாரைப் பிய்த்துவிடும். ஆகவே ஒரு தடவைக்கு அரைக்கால் அங்குல ஆழத்திற்கு மேற்படாமல், மெல்ல, பல தடவையாக வெட்டுவதே முறை. பலகையை அலகு சுழலும் திசைக்கு எதிராகத் தள்ளுக. உடன்திசையில் தள்ளினால் அலகு பலகையைக் கையிலிருந்து பறித்துக்கொண்டு போகும்.

அடுத்தது தேய்த்தல். ரம்பத்தைக் கழற்றிவிட்டு, உப்புத்தாள் ஒட்டிய வட்டத் தகட்டை மாட்டலாம். தகட்டின் எப்பக்கம் மேசையை நோக்கிக் கீழிறங்குகிறதோ அப்பக்கத்திலேயே மரத்தை வைக்க வேண்டும். மேலேறும் பக்கம் அதைத் தூக்கி எறியும். வளைந்த ஓரங்களுக்கு உப்புத்தாள் சுற்றிய உருளை ஏற்றது. மரத்தை ஓரிடத்திலேயே அழுத்தி நிறுத்தினால் கருகிவிடும்.

இவ்வேலையில் எழும் நுண்ணிய தூளை அற்பமென எண்ணலாகாது. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995-இல் வகைப்படுத்தியது. முகமூடியும், தூளை உறிஞ்சும் அமைப்பும் யந்திரத்தோடு சேர்த்தே வாங்கப்பட வேண்டியவை.

எல்லாவற்றிலும் பெரிய அபாயம் ஒன்று உண்டு. சில மாதிரிகளில் அச்சின் இரு முனைகளிலும் கருவி மாட்டலாம். ஒரு முனையில் காடி வெட்டும்போது மறுமுனையிலுள்ள ரம்பத்தைக் கழற்ற மறந்தால், அதுவும் அதே வேகத்தில் சுழலும். தொழிலாளியின் கண்ணோ அலகின்மேல் இருக்கும். ஆதலால் ஒவ்வொரு முறை வேலை மாறும்போதும் முதலில் மின்இணைப்பைப் பிடுங்குக. பின்னர் ரம்பத்தைக் கழற்றுக. அதன் பின்னரே புதிய கருவியை மாட்டி, அதற்குரிய காப்பு மூடியைப் பொருத்துக.

நாம் காணும் முடிவு இதுவே. அறுப்பதற்கும் தேய்ப்பதற்கும் இந்த யந்திரம் நன்கு உதவும். நுண்ணிய காடி வேலை மிகுந்த பட்டறைக்குத் தனி ரூட்டரே ஏற்றது. பட்டறைக்குப் பொதுப் பணத்தைச் செலவிடும் பஞ்சாயத்து உறுப்பினர்கள் யந்திரத்தின் விலையோடு பயிற்சிக்கும் பாதுகாப்புக்கும் ஆகும் செலவையும் சேர்த்துக் கணக்கிடுவார்களாக. யந்திரம் பழுதானால் வேறு வாங்கலாம். தச்சரின் விரல் போனால் எங்கே வாங்குவது?